என் இருக்கையும் கோமளாவின் நாக்கும்

இதை எழுதிவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிய இடம், எங்கள் ஆலையில் கை கழுவும் தொட்டி. எனக்கு அங்கே அது கடைசி வாரம். சுவைக் குழுவுக்குப் புதிதாக வந்திருந்த ஸ்வப்னா குழாயைத் திறந்துவிட்டுக் கையை நனைக்காமலே நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் போனதும் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பெண்ணாம். இப்போது பேச்சுவார்த்தை இல்லை. "நீ எந்த பஸ்ல ஏறுறன்னு தெரியும், எந்த ஸ்டாப்ல எறங்குறன்னும் தெரியும்" என்று எழுதியிருந்தது.

"உங்களுக்கும் இப்டி வந்துதாமே எப்சிக்கா. நீங்க இன்னா பண்ணீங்க?"

"மொதல்ல குழாய மூடு."

மூடினாள். "நான் வேலைய வுட்டுடலாம்னு கீறேன்க்கா."

அதற்குள் மணி அடித்துவிட்டது. கிடைத்த நேரத்தில் நான் சொன்ன பதில் பாதிகூட இல்லை. பஸ்ஸில் சந்திரகிரி தாண்டும்வரை மீதிப் பதிலை மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து எழுதத் தொடங்கிவிட்டேன். எனக்கு எதையும் ஆறப்போடத் தெரியாது.

என்னை ஓய்வு பெற்றவள் என்றால் சிரிப்பார்கள். வயது முப்பத்தைந்து. சித்தூர்ப் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஆலையில் சுவைக் குழுவில் இருந்தேன். கூழின் இனிப்பையும் புளிப்பையும் அளக்கக் கருவி இருக்கிறது. வாசனையை அளக்க மூன்று பேர்தான். எங்கள் மூவரின் சம்மதம் இல்லாமல் ஒரு பீப்பாய்கூட வெளியே போகாது. போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்து என் மூக்கைப் பாதியாக்கிவிட்டுப் போனது. மல்லிகைக்கும் மண்ணெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரிகிறது. பழுத்த பழத்துக்கும் ஒரு நாள் கூடப் பழுத்த பழத்துக்கும் தெரியவில்லை. நானே போய்ச் சொல்லி எழுந்துவிட்டேன். அந்த நாற்காலியில் இப்போது ஸ்வப்னா உட்காருகிறாள். அவள் கப்பை முகர்ந்து பட்டென்று முடிவெடுப்பதைப் பார்த்தால் எனக்குள் ஏதோ கடிக்கிறது. பொறாமைதான். எனக்குப் பழக்கமான சாமான் அது. இந்தக் கதை முழுக்க அதுதான் வரும். சிலது அவளுடையது, சிலது என்னுடையது.

அவள் என்றால் கோமளா.

திருப்பதியில் பி.எஸ்ஸி. படிக்கும்போது ஒரே அறை, ஒரே சீப்பு, ஒரே டிபன் பாக்ஸ். அவள் வடமாலபேட்டைக்காரி, நிலம் உள்ள வீடு. நாங்கள் சித்தூர் சர்ச் காம்பவுண்டுக்குப் பின்னால் குடியிருந்த குடும்பம். படிப்பில் நான் முந்துவேன். நாக்கில் அவளை முந்த ஆளே இல்லை. பஸ் ஸ்டாண்டு வண்டியில் உப்பு மிளகாய் போட்டு மாங்காய்த் துண்டு விற்பார்கள். ஒரு துண்டை வாயில் போட்டதும், "இது நம்ம பக்கத்துக் காய் இல்லடி. கரிசல் மண்ணு. தண்ணி ஜாஸ்தி வுட்டுக்கினு கீறாங்க" என்பாள். வண்டிக்காரரிடம் கேட்டால் சரியாக இருக்கும். நானும் கண்ணை மூடி மென்று பார்ப்பேன். எனக்கு மாங்காய் மாங்காயாகத்தான் இருந்தது. அவள் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டே, மனசுக்குள் அந்த நாக்கைப் பிடுங்கி என் வாயில் வைத்துக்கொள்ள முடியாதா என்று நினைத்திருக்கிறேன்.

படிப்பு முடிந்ததும் இருவரும் ஒரே நாளில் ஆலையில் சேர்ந்தோம். முதல் இரண்டு சீசன் சோதனைக்கூடத்தில் பாட்டில் கழுவினோம், லேபிள் ஒட்டினோம், எல்லாரிடமும் திட்டு வாங்கினோம். அதைப் பற்றி எழுத அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அப்புறம் சுவைக் குழுவில் ஒரு இடம் காலியானது.

இங்கே வெங்கடாத்ரி சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தரக் கட்டுப்பாட்டுக்குத் தலைவர். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தெலுங்கும் தமிழும் பிசைந்த ஒரு பேச்சு. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பாராட்டியும் கேட்டதில்லை. குழு கூடும் நாளில் பூ கூடாது, பவுடர் கூடாது, வாசனை சோப்பு கூடாது. உள்ளே நுழையும்போதே கேட்பார்: "ராத்திரி ஏம் தின்னாவம்மா?" ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று. பூண்டு ரசம் என்று சொல்லிவிட்டால் போதும், "இன்னிக்கு நீ லேபிள் ஒட்டு" என்று கதவைக் காட்டுவார். கோபம் இருக்காது. மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சொல்வார்.

மேஜையில் வெள்ளைக் கப்புகள். கப்பில் பேட்ச் எண் இருக்காது, ஒரு குறிதான் இருக்கும். எந்தத் தோட்டம், எந்த நாள், எதுவும் நமக்குத் தெரியாது. முகர வேண்டும், ஒரு ஸ்பூன் வாயில் வைத்து நாக்கு முழுக்கப் பரப்ப வேண்டும், துப்ப வேண்டும், வெந்நீரில் கொப்பளிக்க வேண்டும். முடிவு செய்ததும் ஸ்பூனைக் கவிழ்த்து வைக்க வேண்டும். மூன்று ஸ்பூனும் கவிழும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. புருவம்கூட அசையக் கூடாது. கவிழ்த்த பிறகு மனசு மாறினாலும் மாற்றக் கூடாது. "தெரியும் சார்" என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "தெரியும்ங்கிறது ஒரு மார்க்கா? கப்ப காமி" என்பார்.

அந்த ஒரு இடத்துக்கு எங்கள் இருவரையும் ஒரு சீசன் முழுக்கச் சோதித்தார். மூன்று கப் வைப்பார். இரண்டு ஒரே கூழ், ஒன்று வேறு. வேறு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். கோமளா தவறியதே இல்லை. நான் பலமுறை தவறினேன். ஆனால் கோமளாவால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. கப்பை எடுத்ததும், "ஐய, இது வெந்து போச்சி சார், சூடு ஜாஸ்தி காட்டிட்டாங்க" என்று மேஜை முழுக்கக் கேட்கச் சொல்லிவிடுவாள். அதைக் கேட்ட பிறகு மற்றவர் நாக்கு எப்படித் தனியாக வேலை செய்யும்? சார் எச்சரித்தார், மறுபடியும் எச்சரித்தார். கடைசியில் இருக்கையை எனக்குக் கொடுத்தார். கோமளாவைக் கூழ் நிரப்பும் பகுதிக்கு அனுப்பினார்.

முதலில் அவள் சிரித்தாள். "துன்னு துப்புற வேலைக்கு நீதான்டி லாயக்கு" என்றாள். நானும் சிரித்தேன். கேன்டீனில் இருவர் தட்டும் பக்கத்தில்தான் இருந்தது. பிறகு சிரிப்பு இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்தது. நான் சாப்பிட உட்கார்ந்ததும் சத்தமாக, "வாங்க மேடம், ஒப்புமா நல்லா கீதான்னு ஒரு சர்டிபிகேட் குடுங்க" என்பாள். பக்கத்து மேஜைகள் சிரிக்கும். ஒரு நாள் தனியாக நிறுத்திச் சொன்னாள்: "என் நாக்கு ஒக்கார வேண்டிய சேர்ல உன் ஜாமெட்ரி பாக்ஸ் ஒக்காந்துக்கினு கீது. அது உனக்கே தெரியும்." தெரியும்தான். அதனால்தான் அவ்வளவு வலித்தது.  மறுநாள் தட்டை வேறு மேஜைக்கு எடுத்துப் போனேன். எங்கள் நட்பு முடிந்தது அப்படித்தான், ஒரு தட்டை நகர்த்தியதில்.

அடுத்த சீசனில் மெசேஜ்கள் வரத் தொடங்கின. பெயர் இல்லாத எண்கள். முதல் மெசேஜ் வெறும் கேலி: இன்று உன் மூக்கு வேலை செய்ததா என்று. நான் பதில் போட்டேன். அது தப்பு என்று பிறகுதான் புரிந்தது. பதில் போட்டால் எதிராளிக்குத் தீனி. அந்த எண்ணை பிளாக் செய்தேன். வேறு எண்ணிலிருந்து வந்தது. "சீட்ட வுட்டுட்டு போ" என்று வந்தது. எங்கள் நைனாவுக்கு யாரோ போன் செய்து, உங்க பொண்ணு மேனேஜரை எப்படிப் பிடித்து அந்த வேலையை வாங்கினாள் தெரியுமா என்று கேட்டார்கள். ஆண் குரல். கோமளாவின் ஆள் யாரோ என்று நினைத்தேன்.

ஒரு காலை குழு கூடும் நேரம். கொக்கியில் மாட்டியிருந்த என் முகக்கவசத்தை எடுத்துக் கட்டினேன். மூக்கு, கண், தொண்டை எல்லாம் குப்பென்று எரிந்தது. உள்பக்கம் தலைவலித் தைலம் தடவியிருந்தது. எங்கள் வேலையில் இதைவிடக் கெட்ட எண்ணம் யாருக்கும் வராது. ஆளுக்கு ஒன்றும் ஆகாது. அரை நாளைக்கு மூக்கு செத்துக் கிடக்கும். வெங்கடாத்ரி சார் என் கண்ணில் வழிந்த நீரைப் பார்த்தார். முகக்கவசத்தை வாங்கித் தூரமாகப் பிடித்து ஒருமுறை முகர்ந்தார்.

"இன்னிக்கு நீ பேனல்ல இல்ல."

"சார், இது யாருன்னு எனக்குத் தெரியும்."

"கப்ப காமி."

"சார்?"

"எதி காமிச்சி சொல்றே? தெரியும்னா போதுமா?" முகக்கவசத்தை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, மாதிரிகளுக்கு ஒட்டுவதுபோல லேபிள் ஒட்டித் தம் அலமாரியில் வைத்துப் பூட்டினார். எனக்கு அன்று அவர்மேல் வந்த கோபம் கோமளாமேல்கூட வரவில்லை.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் கேட்ட கேள்வி என்னைக் குடைந்தது. எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு அவள்மேல் காலேஜ் நாளிலிருந்தே ஒரு கண். அவள் நாக்குமேல் எரிச்சல். பொறாமைக்காரிக்குத் தான் நினைப்பது எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும். வேறு யாராவதாக இருந்தால்?

அப்புறம் அந்த மெசேஜ் வந்தது. என் தங்கை பியூலா அப்போது திருப்பதியில் படித்துக்கொண்டிருந்தாள். "பியூலா அலிபிரி பக்கம் ஷேர் ஆட்டோல ஏறுறா. ஓரமா ஒக்காருவா. ஆட்டோ திரும்பும்போது பாத்து ஒக்காரச் சொல்லு. சீட்ட வுட்டா அவளுக்கு ஒண்ணும் ஆவாது." அவள் ஓரமாகத்தான் உட்காருவாள். குமட்டும் அவளுக்கு.

வீட்டில் பஞ்சாயத்து. நைனா சொன்னார்: "வுட்டுடு எப்சி. மாங்கா இல்லன்னா இன்னொண்ணு. பள்ளிக்கூடத்துல டீச்சரு வேல பாத்துக்கலாம்." போனில் பியூலா கத்தினாள்: "எனக்காக வுட்டேன்னு மட்டும் சொல்லாத. அப்புறம் காலத்துக்கும் எனக்கு அதச் சொல்லிக் காட்டுவ. நான் நடுவுல ஒக்காந்துக்கறேன், வாந்தி வந்தா பக்கத்துல கீறவங்க மேல எடுக்கறேன், அவ்ளதான்." எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. நானும் அவளும் ஒரு விஷயம் முடிவு செய்தோம். அவள் விடுதி வார்டனிடம் சொல்வாள், தோழிகளோடு மட்டும் போவாள். நான் போலீசுக்குப் போவேன்.

ஸ்வப்னா, நீ இதைப் படித்தால் இந்த இடத்தில் நிறுத்திப் படி. மகளிர் உதவி மேஜையில் இருந்த எஸ்.ஐ. மேடம் என் போனைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "ஏதாச்சும் அழிச்சியா?" என்பதுதான். அசிங்கமாக இருந்த இரண்டை அழித்திருந்தேன். "ஏம்மா, அசிங்கமா கீறதுதான்மா எங்களுக்கு வேணும்" என்று தலையில் கை வைத்தார். அழிக்காதே, பதில் போடாதே, வீட்டில் மறைக்காதே, வேலை செய்யும் இடத்தில் எழுத்தில் சொல்லு என்றார். "யாருன்னு தெரியுமா?" என்றார். கோமளாவின் பெயரைச் சொன்னேன். "எப்டித் தெரியும்?" மறுபடியும் அதே கேள்வி. புகாரில் அடையாளம் தெரியாத நபர் என்று எழுதினார்கள், சந்தேகம் என்று அவள் பெயரையும் எழுதிக்கொண்டார்கள். எண்கள் யார் பெயரில் இருக்கின்றன என்று கேட்டு எழுதியிருக்கிறோம், பதில் வர நாளாகும் என்றார்கள். அந்த நாளெல்லாம் நான் இருக்கையில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு கப்பையும் முகரும்போது கதவுப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தப் பேட்ச் வந்தது.

தோத்தாபுரி மாங்காய், சாதாரணக் கூழ். மூன்று ஸ்பூனும் கவிழ்ந்தன, மூவரும் சம்மதம். சார் உட்பட. மறுநாள் மதியம் எனக்கு மெசேஜ்: "நேத்து பாஸ் போட்டியே, அதுல காம்புப் பால் நாறுது. அது தெரியாத உனக்கு எதுக்குடி சீட்டு. இந்த வாரத்துக்குள்ள எழுந்திரு. இல்லன்னா பியூலா ஆட்டோல போறதுக்கு நான் பொறுப்பு இல்ல."

மாங்காயைப் பறித்ததும் காம்பு கீழே இருக்கும்படி வைத்துப் பாலை வடிய விட வேண்டும். விடாவிட்டால் அந்தப் பால் தோலில் ஒட்டிக் கூழுக்குள் ஒரு நெடியாக வந்துவிடும். டர்பன்டைன் மாதிரி, ரொம்ப லேசாக. மெசேஜை எடுத்துக்கொண்டு சாரிடம் ஓடினேன். மிரட்டலைக் காட்டத்தான் ஓடினேன். அவர் மிரட்டலைப் படித்தார், பியூலா பத்திரமாக இருக்கிறாளா என்று கேட்டார், எஸ்.ஐ. மேடத்துக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பிறகு எழுந்து போய், எடுத்து வைத்திருந்த அந்தப் பேட்ச் மாதிரியை வெந்நீரில் வைத்துச் சூடாக்கினார். சூடானால் நெடி மேலே வரும். முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் முகர்ந்தார். என்னிடம் நீட்டினார்.

இருந்தது. சூடாக்கிய பிறகு, இருக்கிறது என்று ஒருவர் சொன்ன பிறகு, எனக்கும் இருந்தது.

"நானும் வுட்டுட்டேன்" என்றார் சார். அதைச் சொல்ல அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. "ஆறவெச்ச கூழுல இத பிடிச்ச நாலுக... இந்த ஜில்லாவுல ஒருத்திகிட்டதான் கீது."

நாலுக என்றால் நாக்கு. எனக்கு வேண்டிய சாட்சி கிடைத்துவிட்டது. அந்தச் சாட்சி என்னவென்றால், அவள் என்னைவிட மேல் என்பது. நான் அந்த அறையில் நின்று, என் தங்கையை மிரட்டியவள்மேல் பொறாமைப்பட்டேன். என்னை ஒருநாளும் பாராட்டாத அந்த மனிதர், அவளை அவளுடைய மிரட்டல் வழியாகப் பாராட்டிக்கொண்டிருந்தார்.

சார் அடுத்து செய்ததை எஸ்.ஐ. மேடம் பிறகு கடிந்துகொண்டார், நீங்களே விசாரணை பண்ணா நாங்க எதுக்கு சார் என்று. கடிந்துகொண்டது நியாயம்தான். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். குழுவில் சேர விருப்பம் உள்ளவர்கள் எந்தப் பகுதியில் இருந்தும் வந்து சோதனை தரலாம் என்று சார் அறிவித்தார். ஆறேழு பேர் வந்தார்கள். கோமளாவும் வந்தாள். தலையில் பூ இல்லை. முகத்தில் பவுடர் இல்லை. சோப்பு போடாமல் குளித்துவிட்டு வந்திருந்தாள் என்பது பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது. அந்த இருக்கை அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அப்போதுதான் முழுக்கப் புரிந்தது.

அவள் முறை வந்ததும் சார் மூன்று கப் வைத்தார். நான் வெந்நீர்க் கெட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"வேறே எதின்னு சொல்லு. சொல்லலாம், வாய் தொறக்கலாம் இன்னிக்கு."

முதல் கப்பை முகர்ந்தாள். நிமிர்ந்து சாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கோமளா கூர்மையானவள். எதற்காக இந்தக் கப் என்று முகர்ந்த அந்த நொடியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தப்பிக்க வழி சுலபம். மூணும் ஒண்ணுதான் சார், ஒண்ணும் தெரியல என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். வந்தவர்களில் பாதிப் பேர் அதைத்தான் சொன்னார்கள். அவளை யாரும் எதுவும் கேட்டிருக்க முடியாது.

கப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் மனசுக்குள், இருப்பதைச் சொல்லிவிடு, சொல்லிவிடு என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மற்ற இரண்டையும் முகர்ந்தாள், சுவைத்தாள், துப்பினாள்.

"நடுவுல கீறது சுத்தம் சார். இந்த ரெண்டுலயும் காம்புப் பால் கீது. மழை பெஞ்ச அன்னிக்கு அறுத்த காய். அவசரத்துல பால வடிய வுடாம கூடையில போட்டுட்டாங்க." கொப்பளித்துவிட்டுத் தொடர்ந்தாள். "இத்தப் போய் பாஸ் போட்டாளே சார் இவ."

இந்தப் பேட்சுக்கு யார் என்ன முடிவு போட்டோம் என்பது குழுவின் மூவருக்கு மட்டும்தான் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் கோமளா வேலை செய்யும் நிரப்பும் பகுதிக்கு அனுமதிச் சீட்டு போகும். அதில் அன்று என் கையெழுத்து.  சார் என் போனை வாங்கி, அந்த மெசேஜைத் திறந்து அவள் முன்னால் வைத்தார்.

அவள் படிக்கவில்லை. "ஆமா, நான்தான். வேற யாருக்கு சார் இது தெரியும்?"

சொல்லும்போது முகத்தில் பயம் இல்லை. ஒரு மிடுக்கு இருந்தது. அதற்கும் நான் பொறாமைப்பட்டேன்.

"தைலம்?" என்றார் சார்.

"அதுவும்தான். இவளுக்கு மூக்கு இருந்தா இன்னா, இல்லன்னா இன்னா."

"என் தங்கச்சி உனக்கு இன்னாடி பண்ணா?" என்றேன்.  "உன் கையால சோறு துன்ன பொண்ணு கோமளா அது."

அதற்கு மட்டும் அவள் தலை குனிந்தது. "சும்மா பயம் காட்டத்தான் எழுதினேன்" என்றாள். "அவள ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டேன்."

"அது எங்களுக்கு எப்டிடி தெரியும்?"

 அவள் என்னை விட்டுச் சாரைப் பார்த்துக் கேட்டாள்: "இப்பவாச்சும் சொல்லுங்க சார். அந்த சீட்டு யாரது?"

வெங்கடாத்ரி சார் மேஜையில் கிடந்த ஸ்பூனை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். "நாலுக நீதே. சீட்டு ஆமெதி." நாக்கு உன்னுடையதுதான், இருக்கை அவளுடையது. "பயம் காட்டி ஒரு சீட்டு காலியாச்சின்னா, அப்புறம் இந்த மேஜையில நல்ல நாலுக ஒக்காராதம்மா. பயம் காட்ற நாலுகதான் ஒக்காரும்."

மற்றதெல்லாம் போலீஸ் வழியில் நடந்தது. எண்களில் ஒன்று அவள் அத்தை மகன் பெயரில் இருந்தது. நைனாவுக்குப் போன் செய்ததும் அவன்தான். இருவரையும் தாசில்தார் முன்னால் நிறுத்தினார்கள். இனி என் குடும்பத்தின் பக்கம் வரமாட்டோம், வந்தால் உள்ளே போவோம் என்று பத்திரம் எழுதி வாங்கினார்கள். பைண்டோவர் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வார்த்தை. அவள் அப்பா என்னிடம் வந்து, "தெரியாம பண்ணிடுச்சிம்மா, வாபஸ் வாங்கிக்கோ" என்றார். தெரிந்துதான் பண்ணினாள் ஐயா என்று சொன்னேன். வாபஸ் வாங்கவில்லை. அன்றோடு மெசேஜ்கள் நின்றன. பியூலா மறுபடியும் ஆட்டோவில் ஓரமாக உட்காரத் தொடங்கினாள். அதைச் சொல்லவே எனக்குப் போன் செய்தாள்.

நான் என் இருக்கையில் இருந்தேன். பல சீசன் இருந்தேன். நல்லபடியாக வேலை செய்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் "நாலுக நீதே" என்ற அந்த இரண்டு வார்த்தை போகவில்லை. ஒவ்வொரு கப்பை எடுக்கும்போதும், அவளாக இருந்தால் இதில் என்ன கண்டுபிடித்திருப்பாள் என்று தோன்றும். அந்த எரிச்சலிலேயே இன்னொரு தரம் முகர்வேன். நான் தேறியது பெரும்பாலும் அப்படித்தான். அவள் ராஜினாமா செய்துவிட்டுப் பெங்களூர் போனாள். அங்கே ஒரு காப்பிக் கம்பெனியில் சுவைத்துத் தரம் பிரிக்கும் வேலையில் இருக்கிறாளாம், அவள் சொன்னால் மூட்டை கப்பல் ஏறுமாம். யாரோ சொன்னார்கள். கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஸ்வப்னாவோடு போன வாரம் ஸ்டேஷனுக்குப் போய் வந்தேன். அவள் எதையும் அழித்திருக்கவில்லை. உள்ளே அவளே பேசினாள். நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். புகாரை வாங்கிக்கொண்டார்கள். வேலையை விடும் பேச்சை அவள் இப்போது எடுப்பதில்லை. எனக்கு வருத்தம்தான் என்று வேடிக்கையாகச் சொன்னேன், நீ விட்டிருந்தால் நான் அரை மூக்கோடு திரும்பி வந்திருப்பேனே என்று. "வருவீங்க, வருவீங்க" என்றாள்.

ஓய்வில் சும்மா இருக்க என்னால் முடியாது. மிரட்டியதற்கு மிரட்டியவள்தான் பொறுப்பு. அதில் இடம் கிடைக்காத ஏக்கம், அது இது என்று எந்தச் சாக்கும் நான் கேட்க மாட்டேன். ஆனாலும் ஒரு கேள்வி மீதி இருக்கிறது. வாயை மூடத் தெரியாத நல்ல நாக்குக்கு எங்கள் ஆலையில் இடமே இல்லை. வெட்டும் பகுதியிலும் பழுக்க வைக்கும் அறையிலும் எத்தனை பெண்கள் தினமும் கூழை விரலில் தொட்டுப் பார்த்து, ஏதோ சரியில்லை என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு, அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதனால் இரண்டாவது மேஜை ஒன்று வேண்டும். குழு முடிவு எடுத்த பிறகு, அதே கூழை இவர்கள் சுவைத்துச் சத்தமாகச் சொல்லலாம், சண்டை போடலாம். அதற்குக் குழு பதில் சொல்ல வேண்டும்.

சாருக்குப் போன் செய்தேன். "அது பேனல் இல்லம்மா, சந்தை" என்றார்.

"நல்ல பழம் சந்தையிலதான சார் கெடைக்குது."

 "ரா அம்மா, மாட்லாடுதாம்" என்றார். வா, பேசுவோம்.

திங்கட்கிழமை போகிறேன். சீசன் தொடங்குவதற்குள் வெட்டும் பகுதியிலிருந்து ஒரு ஆறு பேரையாவது உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். நான் மோப்பம் பிடிக்காததை அவர்களில் ஒருத்தி பிடிப்பாள், எல்லார் முன்னாலும் சொல்வாள், எனக்கு வயிறு எரியும். எரியட்டும். பியூலா நேற்று கேட்டாள்: "அப்ப கோமளாக்காவையும் கூப்புடுவியா?"

"கூப்புட மாட்டேன்" என்றேன். "அவளாட்டம் இன்னொருத்தி கீறாளான்னு தேடறேன்."